மகேன் அண்ணனின் சனிக்கிழமைகள்

திங்கட்கிழமை காலை. ரவாங்கில் அலுவலகப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. பொம்மை வண்டி சேர்க்கும் நம் குழுவில் யாரோ ஒரு கடையின் பொம்மை தொங்கும் கொக்கிகளைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் சின்னச் சின்ன உலோக வண்டிகள். அதற்குக் கீழே: "மகேன் அண்ணன் காலையில தவறிட்டாரு." அதற்கும் கீழே: "ஸ்டாக் இன்னும் இருக்கா?"

மூன்றாவதை எழுதியவர் இரண்டாவதைப் படிக்காமல் எழுதியிருக்கலாம். படித்துவிட்டும் எழுதியிருக்கலாம். அண்ணன் உயிரோடு இருந்து, இறந்தது வேறொருவராக இருந்திருந்தால், மூன்றாவதற்குத்தான் முதலில் பதில் போட்டிருப்பார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மகேந்திரன், புக்கிட் ரோத்தான்காரர். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். சிறுநீரகம் கெட்ட பிறகு வேலையை விட்டார். பொம்மை வண்டிகளில் உழைக்கிற வண்டிகளை மட்டும் சேர்த்தார். லோரி, கிரேன், டிராக்டர், தீயணைப்பு வண்டி. பந்தயக் கார் ஒன்றைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார். "இதுல என்னாத்த ஏத்துவ?" வாங்கிய எதையும் பிரிக்க மாட்டார். ஜொகூரில் வேலை செய்யும் மகளின் அறை முழுவதும் பெட்டிகள். அவள் விடுமுறையில் வந்தால் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பாள்.

நான் அவரை முதலில் பார்த்தது கோலா சிலாங்கூர் சூப்பர்மார்க்கெட் ஒன்றில், குளியலறை மிதியடிகள் அடுக்கிய வரிசையில். பல்கலைக்கழகம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த சமயம். மிதியடி வாங்கத்தான் போனேன். இரண்டு மிதியடிகளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் கிரேன் இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி, அது என்னோடது."

"காசு கட்டிட்டீங்களாண்ணே?"

"இன்னும் கட்டல. ஒளிச்சு வெச்சிருக்கேன். வெள்ளிக்கெழம சம்பளம்."

"அப்ப கடையோடது லா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். "சரியான ஆளு. வெச்சிரு தங்கச்சி. வேற எடம் பாத்து வெச்சிரு. இந்த எடம் ஒனக்கே தெரிஞ்சிருச்சி."

பொம்மை சேர்ப்பவர்கள் எல்லோரும் இப்படி ஒளிப்பார்கள் என்று எனக்கு அன்று தெரியாது. குழந்தை டயப்பருக்குப் பின்னால், அரிசிக் குக்கர் பெட்டிக்கு அடியில். மாதக் கடைசியில் அந்தக் கடையின் பாதிப் பொம்மைகள் பொம்மை வரிசையிலேயே இருப்பதில்லை. நான் கிரேனைக் குடைகளுக்குள் செருகினேன். வெள்ளிக்கிழமை அதை அவர் எடுத்துப் போனாரா என்று பார்ப்பதற்காகவே மறுபடி போனேன். எனக்கும் இந்தப் பித்து அப்படித்தான் தொடங்கியது.

வாங்கி வீட்டில் வைத்திருந்தவற்றைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பேசியதெல்லாம் கை நழுவியவற்றைப் பற்றித்தான். குறிப்பாக ஒரு பச்சை லோரி. அது கடைக்கு வந்த நாளில் அவர் உலு யாமில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். திரும்பி வருவதற்குள் கொக்கி காலி. அந்தத் தம்பதிக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "யாரு, நம்ம லோரிய முழுங்குன ஜோடியா?" என்பார். அவர் மனைவி பரமேஸ் அக்கா அடுப்படியிலிருந்தே சத்தம் போடுவார். "அந்தப் பிள்ளைங்க காதுல விழுந்துறப் போவுது. சொந்தத் தம்பி மவன் கல்யாணங்க அது!"

ஒரு நாள் என்னிடம் சொன்னார். "வாங்குனதுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல தங்கச்சி. விட்டதுதான் கனவுல வருது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. காலை நேரம். சனிக்கிழமை காலையில்தான் அந்த சூப்பர்மார்க்கெட்டில் புதுப் பெட்டி உடைப்பார்கள். டயாலிசிஸ் மையத்தில் வேறு நேரத்தில் நாற்காலி காலியில்லை. முதல் மாதத்திலேயே இரண்டு சனிக்கிழமைகள் மையத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். கால் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கியபோதுதான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. எனக்கு ஃபோன் செய்தார்.

"தங்கச்சி, சனிக்கெழம நீ போயி அந்தச் சனியன பாரு. அவரு நாக்காலியில உக்காரட்டும். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. அந்தக் காரு வந்து ரத்தத்த சுத்தம் பண்ணப் போவுதா?"

அப்படித்தான் என் சனிக்கிழமைகள் அவருடையவை ஆயின. ஜெரத்திலிருந்து காலையிலேயே கிளம்புவேன். அவர் கையில் ஊசி ஏறியதும் வீடியோ அழைப்பு வரும். முதலில் இயந்திரத்தின் சத்தம் கேட்கும். அப்புறம் அவர் முகம், மிகக் கிட்டத்தில்.

"முன்னால இருக்கிறத விடு. பின்னால காட்டு."

"பின்னாலயும் அதேதாண்ணே."

"எல்லாத்தையும் எறக்கிப் பாத்தியா? ஆளுங்க நல்லத பின்னால தள்ளி வெச்சிருப்பானுங்க."

"நீங்க தள்ளி வைக்கிற மாதிரியா?"

"ஆமாம்லா, நான் தள்ளி வைக்கிற மாதிரிதான்."

பக்கத்து நாற்காலியில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் இருந்தார். முதலில் முணுமுணுத்தார். பிறகு எட்டிப் பார்த்தார். அப்புறம் தமக்கும் ஒன்று வேண்டும் என்றார், பேரனுக்காம். நீலம். அடுத்த வாரம் எதிர் நாற்காலிச் சீன அம்மாவுக்குச் சிவப்பு. தாதி வந்து திட்டுவார். அண்ணன் அவரைத் திட்டவிட்டு, கைப்பேசியை மட்டும் கொஞ்சம் தாழ்த்திப் பிடிப்பார். கொக்கிகளை ஒவ்வொன்றாகக் காட்டி முடிப்பதற்குள் அவருடைய நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். வேண்டுமென்றே மெதுவாகக் காட்டுவேன். ஒரே வண்டியை இரண்டு முறை காட்டியதும் உண்டு. அவருக்குத் தெரியும். முதல் முறை பார்ப்பதுபோலவே பார்ப்பார்.

நல்ல மாதங்கள் என்று சொல்லத்தக்கவை அவைதான்.

இந்த வருடத் தொடக்கத்திலிருந்து ஒரு மாற்றம். அடுத்த வருடம் வரப்போகும் வண்டிகளின் படங்கள் முன்கூட்டியே வெளியாகும். குழுவில் எப்போதும் அவர்தான் அவற்றை முதலில் போடுவார், வட்டம் போட்டு, இது வேண்டும் இது வேண்டாம் என்று. இம்முறை வேறொருவர் போட்டார். அண்ணன் ஒரே வரிதான் எழுதினார். "அடுத்த வருசத்து வண்டியெல்லாம் இப்பவே காட்டாதீங்கடா." நீங்கள் சிரிக்கிற முகங்களைப் போட்டீர்கள். நானும் ஒன்று போட்டேன்.

கடைசிச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

நான் கடையில் கொக்கிகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். சாதாரணமான வாரம். திடீரென்று அவர் முகம் திரையிலிருந்து போனது. வேறு எதையோ படிக்கிறார் என்று புரிந்தது. என் கைப்பேசியிலும் அதே செய்தி வந்து விழுந்தது. கோலா குபு பாருவில் ஒரு கடை. கொக்கி நிறையப் பச்சை லோரி.

"தங்கச்சி, பாத்தியா?"

"பாத்தேன். நீங்க எந்திரிக்காதீங்க. நான் போறேன்."

"நீ போறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"நீங்க போனா மட்டும் முடியாதா?"

"முடியும். ஆனா, நான் போனேன்னு இருக்கும்."

தாதியின் குரல் கேட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, உடம்பில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்றார். அண்ணனின் குரல் உயர்ந்தது. மலாய்க்காரப் பெரியவர் "டுடுக்லா, மகேன், டுடுக்" என்றார். உட்காரச் சொன்னார். அழைப்பு அறுந்தது. பாதியில் எழுந்து போகிறவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டிருக்கிறார். நான் அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா அவரைக் கூப்பிட்டார். அவர் எடுக்கவில்லை.

புக்கிட் ரோத்தானைத் தாண்டி, பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் அந்தச் சாலையில், ஊசி குத்திய கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் ஓட்டிப் போனதை நான் பார்க்கவில்லை. ஆனால் அதிகம் நினைப்பது அதைத்தான்.

கடையில் பச்சை லோரி இல்லை. விற்றுத் தீர்ந்ததால் அல்ல. அது பழைய படம். எப்போதோ வேறோர் ஊரில் எடுத்தது, கைமாறிக் கைமாறி அன்று நம் குழுவுக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் யாரென்று நான் எழுதப்போவதில்லை. இன்று எடுத்தது என்றுதான் அவரும் நம்பினார். நம்பி அவரும் ஓடினார். அன்று அந்தக் கடைக்குப் போனவர்கள் நம்மில் பலர். காலிக் கொக்கிக்கு முன்னால் அண்ணனைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். வேர்த்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தார் என்றீர்கள். "நமக்குக் கல்யாணம்தான் ராசி, கடை ராசியில்ல" என்றாராம்.

வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று ஒரு ரோடு ரோலர் வாங்கியிருக்கிறார். வீட்டில் அதே ரோலர் ஏற்கெனவே இருந்தது.

ஞாயிறு மாலை மூச்சுத் திணறல். மருத்துவமனையில் மறுபடி இயந்திரத்தில் ஏற்றினார்கள். இதயம் ஒத்துழைக்கவில்லை. திங்கள் விடிகாலை.

இறுதிச் சடங்குக்கு நாம் எல்லோரும் போனோம். நம்மில் சிலர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தில் அவரைப் பார்ப்பதற்கு முன்பே பொம்மைப் பெட்டிகள் இருந்த அந்த அறையை எட்டிப் பார்த்தோம். நானும் பார்த்தேன். ஒருவர் மகளிடம் போய், விற்பதாக இருந்தால் தம்மிடம் முதலில் சொல்லச் சொன்னார். பின்னால் வருந்தக் கூடாதே என்ற பதற்றம் அவர் முகத்தில் தெரிந்தது. அந்தப் பதற்றம் எனக்குப் பழக்கமானது. மகள் அழுத முகத்தோடு சொன்னாள்: "அங்கிள், மொதல்ல அப்பாவ எடுக்கட்டும்."

சவப்பெட்டிக்குள் ஒரு பொம்மை லோரி வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பரமேஸ் அக்கா மறுத்துவிட்டார். "எரிக்கிறதுக்கா வாங்குனாரு? பிரிக்கவே விடமாட்டாரு."

பதினாறாம் நாள் முடிந்து, பந்தல் பிரித்த பிறகு, அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு எதத் தேடிக்கிட்டுப் போனாரு? படம் இருக்கா?"

கைப்பேசியில் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். மறுபடி சிறிதாக்கினார்.

"இது எம்மாம் பெருசு இருக்கும்?"

என் ஆள்காட்டி விரலைக் காட்டினேன். அக்கா என் விரலைப் பிடித்துப் பார்த்தார். உண்மையிலேயே பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோதானா," என்றார்.

எழுந்து போய் ரோடு ரோலரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கடையின் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. "மத்தது இருந்துட்டுப் போவுது. புள்ள சொன்னபடி செய்யட்டும். இது வேணாம் தங்கச்சி. இது வீட்டுல இருந்தா, அந்தச் சனிக்கெழமதான் கண்ணுல நிக்கிது."

அது இப்போது என் அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. பிரிக்கவில்லை. பிரிக்காமல் வைத்திருப்பது அவர் மேல் உள்ள மரியாதையா, அவரைப் பிடித்த அதே நோயா என்று எனக்கு நிச்சயமில்லை.

சனிக்கிழமைகளில் நான் கடைக்குப் போவதில்லை. ஆனால் குழுவை விட்டு விலகவும் இல்லை. படம் வரும். கார்ச் சாவி எங்கே என்று கை இன்னும் தானாகவே தேடும். அப்போது படத்துக்குக் கீழே கேட்கிறேன்: "இன்று எடுத்ததா?" உங்களில் பலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது என்று தெரியும். போன வாரம் ஒருவர் எழுதினார்: "நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும் லா."

முடியட்டும் என்று பதில் எழுத எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. விட்டுவிடுவோமோ என்ற மகேன் அண்ணனின் பயம் என்னிடம் முழுசாக இருக்கிறது. அதன் கூடவே இந்த ஒரு கேள்வியையும் வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு, சாவியைக் கைக்குள் பிடித்தபடி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.