ஒரு ஓட்டுக்காகத் தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம்

சுவிட்சர்லாந்தில் ஒரு மலையூரில், மக்கள் சதுக்கத்தில் கூடிக் கைதூக்கியே முடிவெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். போட்ஸ்வானாவில் மரத்தடிக் கூட்டமொன்றில், மாடு மேய்ப்பவர் ஒருவர் மந்திரியை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். இரண்டையும் எழுதியபின், "ஜனநாயகத்தின் அருமை உங்களுக்கு எங்கே புரிந்தது?" என்று பலர் கேட்கிறார்கள். கேளம்பாக்கத்தில். சிரிக்காதீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் தாம்பரத்தில் அறை எடுத்து வேலை பார்த்தேன். ஓட்டு மட்டும் கேளம்பாக்கத்தை ஒட்டிய எங்கள் ஊரில். அந்தப் பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு. என் அக்கா வசந்தா நின்றாள். எதிரே அதே தெரு மேரி. மொத்தமே முந்நூற்றுச் சொச்சம் ஓட்டு என்பதால், எப்படியாவது வந்துவிடு என்று அக்கா ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள்.

மேனேஜர் மகராசன் மதியம்தான் விட்டார். 2.10க்கு மின்ரயில், வண்டலூருக்குப் பத்தே நிமிடம். அங்கிருந்து கேளம்பாக்கம் 18 கிலோமீட்டர். பஸ்ஸைக் காணோம். பாதி பஸ்களைத் தேர்தல் வேலைக்கு எடுத்துவிட்டார்களாம். ஒன்றரை மணி நேரம் வெயிலில் காய்ந்தபின் காலி உப்பு லாரி ஒன்று நின்றது. ஐந்து ரூபாய்.

"இன்னா சார், ஒரு ஓட்டுக்கா இவ்ளோ பேஜார்?" என்றார் டிரைவர்.

"எங்க அக்கா நிக்குதுண்ணே."

"அத்த மொதல்ல சொல்றதில்ல? கெட்டியா புட்சிக்கோ!"

4.40க்கு இறக்கிவிட்டார், காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு கிலோமீட்டர் ஓடி, பள்ளிக்கூடத்தில் கடைசி ஆள்களில் ஒருவனாகக் குத்தினேன். இப்படிக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன்: காலையிலேயே போய்விடுங்கள். தாமதமானாலும் ஐந்து மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுப்பார்கள், பதற வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து எண்ணினார்கள். அக்கா ஒரே ஓட்டில் தோற்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எவன் காலை வாரினான் என்று தெருவையே திட்டிக்கொண்டிருந்தேன். அக்கா என்னை உள்ளே இழுத்தாள்.

"கத்தாதடா. நான்தான் மேரிக்குப் போட்டேன்."

"இன்னாக்கா சொல்ற?"

"என் பேருக்கு நேரா நானே குத்திக்க கூச்சமா இருந்துச்சு. பந்தில நம்ம எலைக்கு நாமளே அள்ளி வச்சிக்கிற மாதிரி. அவளும் நல்ல பொண்ணுதானே?"

அந்த ஓட்டைத் தனக்கே போட்டிருந்தால் ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பாள். தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குள் மேரி கண் கலங்கியபடி வாசலில் வந்து நிற்க, அக்கா அவளை உட்காரவைத்துத் தெருக்குழாய் ரிப்பேரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். தோற்றவள் வீட்டில் ஜெயித்தவளுக்குக் காபி! பிற்பாடு போன சில நாடுகளில், தோற்றவர்கள் ஜெயிலில் இருந்தார்கள்.

மேரி போனதும் மறுபடி எகிறினேன். அக்கா டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"விட்றா. அடுத்த தபா எனக்கே போட்டுக்கிறேன். அதான் அஞ்சு வருசத்துல மறுபடி வருதில்ல?"