வெயிலில் காய்ந்த நாலு செல்

தொண்ணூறுகளில் மைசூரில் இங்கிலீஷ் பாட்டு கேட்பவர்களுக்கு ஒரு திமிர் இருந்தது. எனக்கும் அது வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் நைட் ஷிப்ட் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எவனாவது தூங்கப் போகாமல் விஜயநகருக்குச் சைக்கிள் மிதிப்பானா?

அங்கே என்னோடு ஹைஸ்கூலில் படித்த சிநேகிதன் வீடு இருந்தது. அப்பா பாங்க் ஆபீசர். புதுசாகக் கட்டிய வீடு, மாடியில் அவனுக்குத் தனி அறை. பள்ளிக்கூடம் முடிந்ததும் அவன் டிகிரிக்குப் போனான், நான் ஐடிஐ படித்து ஃபாக்டரிக்குப் போனேன். அவனுடைய அக்கா புருஷன் இங்கிலாந்தில் இருந்தார். யாராவது ஊருக்கு வந்தால் அவர்களிடம் கேசட் கொடுத்து அனுப்புவார். அதைக் கேட்க வரும் மூன்றாவது ஆள் அவனோடு காலேஜில் படிப்பவன், கன்னடக்காரன். பழைய புத்தகக் கடைகளில் இங்கிலாந்து பாட்டுப் பத்திரிகைகளைப் பொறுக்கி வாங்கி மனப்பாடம் செய்வான். எங்களோடு கன்னடம் கலந்த தமிழ் பேசுவான், யாரையும் 'குரு' என்றுதான் அழைப்பான். நாங்கள் அவனை மேகசின் என்றுதான் கூப்பிட்டோம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். புதுக் கேசட் வந்தால் மூன்று பேரும் வாய் திறக்காமல் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொருவனும் அபிப்ராயம் சொல்ல வேண்டும். யார் சரியாகச் சொல்கிறானோ அவன் அந்த வாரம் கேசட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எது சரி என்று முடிவு செய்பவன் கேசட்டுக்குச் சொந்தக்காரன். எப்போதும் மேகசின்தான் எடுத்துப் போனான். எனக்கு வார்த்தை வராது. "நல்லா இருக்கு" என்பேன். "என்ன நல்லா இருக்கு?" என்று இருவரும் கேட்பார்கள். பாட்டுக்குச் சமமாக அந்தக் கேள்வியும் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு தடவையாவது கேசட் என் சட்டைப் பையில் வர வேண்டும், என் காதும் காதுதான் என்று இவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஒரு கோடையில் நாலு பையன்கள் சேர்ந்து போட்ட முதல் ஆல்பம் வந்தது. பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் சின்ன இடத்தில் பதிவு செய்தது என்று மேகசின் சொன்னான். எங்களில் யாரும் அதற்கு முன்னால் அவர்கள் பாட்டு ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. கேசட்டைப் பிரித்தோம், கரண்ட் போனது. அப்போதெல்லாம் கோடையில் தினமும் போகும்.

"அம்மா, டூ-இன்-ஒன்னுக்கு செல் இருக்கா?" என்று சிநேகிதன் கீழே பார்த்துக் கத்தினான்.

"காம்பவுண்டு சுவத்துல காயறது. எடுத்துக்கோ" என்றார் மாமி.

தீர்ந்துபோன செல்லை வெயிலில் வைத்தால் மறுபடி உயிர் வரும் என்று அப்போது எல்லா வீட்டிலும் நம்பினார்கள். கொஞ்சம் வரவும் வரும். டார்ச்சுக்குப் போடும் பெரிய செல் நாலு, தொட்டால் சுட்டது. ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த அந்த டூ-இன்-ஒன்னில் போட்டோம். ஓடியது.

இப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. கனத்த குரல். இழுத்து இழுத்துப் பாடினான். கிட்டார் மணலில் வண்டி தள்ளுகிற மாதிரி நகர்ந்தது. இரண்டாவது பக்கம் இன்னும் மெதுவாக, இன்னும் அடியில் போனது. ராத்திரி முழுவதும் மெஷின் முன்னால் நின்ற கால் எனக்கு. யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

நடுவில் காபி கொண்டுவந்த மாமி நின்று கேட்டார். "யாருடா இவன், ஜுரத்துல கிடக்கறவன் மாதிரி மொனகறான்? கஷாயம் வேணுமான்னு கேளேன்."

பாட்டு முடிந்தது. மேகசின் தொண்டையைக் கனைத்தான். "இவங்க ஊர் தொழில் ஊர் குரு. ஃபாக்டரி எல்லாம் மூடிட்டாங்க. முதல் பக்கம் துக்கம். ரெண்டாவது பக்கம் தோல்வி."

"கரெக்ட். ரொம்ப டீப்" என்றான் சிநேகிதன்.

என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு வார்த்தை வந்தது. "இவன் மூணாவது ஷிப்ட் முடிச்சுட்டு வந்தவன்டா. கோபம் இருக்கு, கோபப்படத் தெம்பு இல்ல. கத்தலாம்னு வாயத் தொறக்கறான், கொட்டாவி வருது."

சிநேகிதன் கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்தான். "இந்த வாரம் உன்னோடது."

மறுநாள் வீட்டில், கரண்ட் இருந்த நேரம் பார்த்து என் பிளேயரில் போட்டேன். யாரோ வேறு பையன்கள் பாடினார்கள். கீச்சுக் குரல். துள்ளல். பிளேயர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பின்பக்கம் கழற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டேன், சரியாகப் பாடியது. அப்போதுதான் அந்த நாலு செல் ஞாபகம் வந்தது. செல் சாகச் சாக மோட்டார் மெதுவாகி, குரலும் கனத்திருக்கிறது. தோல்வியும் துக்கமும் அங்கிருந்து வந்தவை.

வாரம் முழுவதும் அந்தக் கேசட்டைப் போடவில்லை. சொல்லாமல் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவர்கள் எப்படியும் ஒரு நாள் கரண்டில் போட்டுக் கேட்பார்கள் என்று தோன்றியது. தவிர, பொய்யைத் தூக்கிக்கொண்டு அலையும் சக்தி எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். கரண்ட் இருந்தது. போட்டுக் கேட்டார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் சிநேகிதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கீழேயிருந்து மாமி குரல் வந்தது. "ஜுரம் விட்டுடுத்தா அவனுக்கு?"

மேகசின் மட்டும் சிரிக்கவில்லை. "எனர்ஜி இருக்கு குரு. இளமை. முதல் ஆல்பம்னா இப்படித்தான் இருக்கணும்" என்றான்.

"போன வாரம் தோல்வின்னியே?" என்று கேட்டேன்.

"பிடு குரு." விடு என்பதை அவன் அப்படித்தான் சொல்வான். "போன வாரம் அப்படிக் கேட்டுச்சு. இப்ப இப்படிக் கேக்குது."

"ரொம்ப ஃப்ரெஷ்ஷா இருக்கு" என்றான் சிநேகிதன். போன வாரம் டீப் என்று சொன்ன அதே முகம். என் பக்கம் திரும்பினான். "உன் அபிப்ராயம் கேன்சல்டா. நீ பாட்டுக்குச் சொல்லல, செல்லுக்குச் சொன்னே."

"மூணு பேரும்தானே சொன்னோம்?"

"நாங்க மாத்திக்கிட்டோம்ல. நீயும் மாத்திக்க. நல்லா இருக்குன்னு சொல்லிடு, முடிஞ்சுது."

எத்தனையோ வாரம் நான் அதைச் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு அவனே சொல்லச் சொல்கிறான்.

"நல்லா இல்ல" என்றேன். "போன வாரம் கேட்டது நல்லா இருந்துச்சு. இது காலேஜ் பசங்க கிளாஸ கட் அடிச்சுட்டு கேன்டீன்ல மேஜையத் தட்டற மாதிரி இருக்கு."

இருவருக்கும் முகம் மாறியது.

"அப்படி ஒரு பாட்டே கிடையாதுடா" என்றான் சிநேகிதன். "பாடினவனே அதக் கேட்டிருக்க மாட்டான்."

"நான் கேட்டேன்."

"சரி, செல்லுல போட்டுக் கேட்டுக்க" என்று சொல்லிக் கேசட்டை மேகசினிடம் கொடுத்தான். மேகசின் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினான். அபிப்ராயத்தை ஒரு வாரத்தில் தலைகீழாக்கினவனுக்குக் கேசட். மாற்றாதவனுக்கு ஒன்றும் இல்லை. கோபம் வந்தது. ஆனால் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த உடம்பு, கத்துவதற்குக்கூட எழுந்திருக்கவில்லை. அந்தப் பாட்டுக்காரன் மாதிரியே ஆகிவிட்டேன் என்று நினைத்தேன். பாட்டுக்காரனும் அப்படி இல்லை என்று உடனே ஞாபகம் வந்தது.

கீழே வந்தபோது மாமி சுவர் மேலிருந்த செல்களைத் தூக்கிப் போடுவதற்காக முறத்தில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அதக் குடுங்க மாமி."

"எதுக்குடா? டார்ச்சுலகூட எரியாது. துரு வேற."

"வேணும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். நாலையும் என் கையில் வைத்தார். சூடாகத்தான் இருந்தன.

என் பிளேயரில் செல் போட இடம் கிடையாது, வெறும் ப்ளக்தான். கேசட்டும் மேகசினிடம். செல்களைச் சைக்கிள் கேரியர் பையில் போட்டுக்கொண்டு போனேன். அந்த ஆல்பத்தைப் பிறகு நல்ல செட்டுகளில் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.