ஒருத்தரும் தொடாத தண்ணி

“ஏழு மாசமா ஒருத்தரும் கை வைக்காத தண்ணி. அதைப் புல்லுக்கு ஊத்தச் சொல்லுறியோ? உனக்கென்ன விசரே?”

இரத்தினசிங்கம் இப்படிச் சீறியது தன் மனைவி விமலாதேவியைப் பார்த்து. மெல்பேர்ணில் மல்கிரேவ் வீட்டு வாசலில், காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற வீட்டுவண்டியான கரவன் நின்றது. அதன் பக்கவாட்டில் சுடுதண்ணித் தாங்கியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஸ்பானரோடு அவள் நின்றாள். ஈஸ்டர் விடுமுறைக்குப் போய்வந்த தண்ணி இன்னும் உள்ளே கிடந்தது. கந்தசட்டிக்குச் சிட்னிக்குப் புறப்படுமுன் அதை இறக்கி, தாங்கியை அலசிவிட்டுப் புதுத்தண்ணி பிடிக்கவேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. அதற்குத்தான் இந்தக் கூத்து.

கரவனை விற்ற வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டித்தான் கொடுத்தான். தாங்கிக்குள் விரல் தடிப்பில் ஒரு கம்பி இருக்கிறது. தாங்கியை அரிக்கவேண்டிய தண்ணி முதலில் அந்தக் கம்பியை அரிக்கும். வருசத்துக்கு ஒருக்கால் காஸை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, தண்ணியை இறக்கிக் கம்பியைப் பார்க்கவேண்டும். சூட்டோடு கழற்றினால் முகம் வெந்துபோகும். இவ்வளவுதான். அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது இரத்தினசிங்கம் கரவன் கண்ணாடியில் தன் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டு நின்றது விமலாதேவி மட்டும்.

“ஊரில கிணத்தையே வருசத்துக்கு ஒருக்கால் இறைக்கிறேல்லையே?” என்றாள்.

“எங்கட கிணத்தை நான் இறைச்சதில்லை. இறைக்கிறதுக்கு ஆள் வாறது.”

மனுசனின் முழுச் சீவியமும் அந்தப் பதிலுக்குள் அடங்கிவிடும். எண்பத்து நாலில் மெல்பேர்ணில் வந்து இறங்கிய நாள் முதல், ஆள் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தவர் அவர். வந்த ஆள் விமலாதேவி ஒருத்திதான். பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலை செய்துவிட்டு வந்து, விடிய அவருக்குத் தோசையும் சுட்டாள். அவர் ஒரு கந்தோரில் கடிதக்கட்டுப் பிரித்துக் கொடுக்கிற வேலை பார்த்தார். கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் மனேச்சர் என்றார். நாய் நடுக்கடலுக்குப் போனாலும் நக்குத் தண்ணிதான். ஆனால் அந்த நாய் தன்னைக் கப்பல்காரன் என்று சொல்லித் திரிவதில்லை.

கரவன் வாங்கியதும் ஊர் பார்க்கிற ஆசையில் இல்லை. ஹோட்டலில் கண்டவன் படுத்த கட்டிலில் தான் படுக்கமாட்டாராம். மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சிய குசினியில் தேத்தண்ணி குடிக்கமாட்டாராம். சுத்தம் என்றால் அவருக்கு அவ்வளவு பைத்தியம். ஒருமுறை மெல்பேர்ண் கேரம் டவுன்ஸ் கோயிலில், கோழித் தொழிற்சாலையில் வேலை முடிந்து நேரே வந்து நின்ற ஒரு பிள்ளையை, மச்சம் மணக்குது என்று சனத்துக்கு முன்னால் சொல்லி வரிசையை விட்டே விலத்தினார். அது கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை விமலாதேவி மறக்கவில்லை.

அந்த நாக்குக்காகவே மெல்பேர்ணில் ஒருத்தரும் அவரை ஒரு திருவிழாவுக்கும் முன்னுக்கு விடவில்லை. தலையில் பரிவட்டம் கட்டி, மேளம் முழங்க மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்கவேண்டும் என்பது இருபது வருசத்து ஆசை. கடைசியில் சிட்னியில் இருந்த விமலாதேவியின் தம்பி மகாதேவன் இரங்கி, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் சூரன்போர் நாள் காலைப் பூசை உபயத்தில் தன் அத்தானையும் சேர்த்துவிட்டான். பரிவட்டம் அத்தானுக்குத்தான் என்றும் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மனுசன் நிலத்தில் கால் வைக்கவில்லை.

ஆறு நாளும் விமலாதேவி பாலும் பழமுமாக இருந்தாள். அவரும் விரதம்தான். ஒருபொழுது. ஆனால் அந்த ஒருபொழுதுக்கு மூன்று கறி, வடை, பாயாசம், அப்பளம். சிட்னியில் கரவன்களை நிறுத்தித் தங்குகிற கரவன் பார்க்கில் முதல் நாட்கள் எல்லாரும் குளிக்கிற பொதுக் குளியலறையில்தான் இருவரும் குளித்தார்கள். பரிவட்ட நாள் மட்டும் அவர் அங்கே போகமாட்டேன் என்றுவிட்டார். இறைச்சி திண்டவன் நின்று குளித்த சீமெந்தில் தான் கால் வைக்கிறதா? அதற்காகத்தானே சொந்தத் தண்ணியைத் தாங்கிக்குள் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தவர்.

காலையில் காஸைப் போட்டுச் சூடாக்கி, கரவனுக்குள்ளேயே தலை முழுகினார். ஈரவேட்டியோடு நிற்பதுதான் சுத்தம் என்று, கட்டவேண்டிய வேட்டியையும் அதே தண்ணியில் நனைத்துப் பிழிந்தார். கதவைத் திறந்த விமலாதேவியின் முகத்தில் அடித்தது நாற்றம். அழுகிய கூழ் முட்டை நூறை உடைத்து ஊற்றிய மணம்.

இரத்தினசிங்கத்துக்கு அது தெரியவில்லை. ஐப்பசியில் அங்கே வசந்தம் வந்தால், பூந்தூளில் மெல்பேர்ண்காரர் பாதிப்பேருக்கு மூக்கடைக்கும். அவருக்கு அந்த மாதம் முழுக்க மூக்கு இருந்தும் இல்லாததுதான். தண்ணி நாறுது, பொதுக் குளியலறையில் போய் இன்னொருக்கால் குளியுங்கோ என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பொறாமை என்றார். தன்னைப் பரிவட்டத்தோடு பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லையாம். அவள் துவாயை எடுத்துக்கொண்டு தனியே போய்ப் பொதுக் குளியலறையில் குளித்துவிட்டு வந்தாள். கோயில் போகும்வரை கார் யன்னலைப் பூட்டவில்லை.

கோயிலில் சனம் நிறைந்திருந்தது. விளக்குச் சூட்டில் ஈரவேட்டி ஆவி விட்டது. முதலில் பின்னால் நின்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். பிரசாதம் பார்க்கிற மலேசியாக்கார நாகலட்சுமி, பால் கெட்டுவிட்டதோ என்று மடப்பள்ளிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பால் நன்றாகத்தான் இருந்தது. குருக்கள் பரிவட்டப் பட்டைக் கையில் எடுத்தவர், ஒரு அடி பின்னுக்கு வைத்தார்.

மகாதேவன் அக்காவின் புருசனுக்குக் கிட்டப்போய்க் குரலைத் தாழ்த்தினான். “அத்தான், காலமை ஏதும் சாப்பிட்டனீங்களோ?”

“பச்சைத் தண்ணி பல்லில படேல்லை.”

“இல்லை, முட்டை மணக்குது.”

முட்டை என்ற சொல்லைக் கேட்டதும் மனுசனுக்கு வெறி ஏறியது. சனத்தின் பக்கம் திரும்பினார். சட்டி நாளில் முட்டை தின்றுவிட்டுச் சன்னிதிக்கு வந்த அந்த நாய் ஆர் என்று கேட்டார். முன்வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகக் கைகாட்டி விலத்தினார். வயதுபோன ஒரு மனிசியை, மடியில் பிள்ளையோடு இருந்த ஒரு தாயை, தோடு மினுங்க நின்ற ஒரு பெடிச்சியை. எல்லாரும் விலகினார்கள். மணம் விலகவில்லை. விலகிய இடத்தில் அவர் மட்டும் நின்றார்.

விமலாதேவி வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இவ்வளவு வருசமும் அப்படித்தான் இருந்தாள். ஆனால் அந்தப் பெடிச்சி கண்ணைத் துடைப்பதைக் கண்டதும், கோழித் தொழிற்சாலைப் பிள்ளைதான் நினைவில் வந்தது.

“ஊராக்களை மணந்தது காணும். உங்கட வேட்டியைப் பிழிஞ்சு மணந்து பாருங்கோ,” என்றாள். மேளக்காரனுக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.

இரத்தினசிங்கம் வேட்டித் தலைப்பை மூக்கிடம் கொண்டுபோனார். மூக்கடைப்புக்குள்ளாலும் அது ஏறியிருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரிப் போயிற்று. குருக்கள் மரியாதையாகத்தான் சொன்னார், போய் முழுகிவிட்டு வேறு வேட்டி கட்டிக்கொண்டு வாருங்கோ, சுவாமிக்கு நேரம் காத்திராது என்று. அவர் கரவன் பார்க்குக்குப் போய், எந்தச் சீமெந்தில் கால் வைக்கமாட்டேன் என்றாரோ அதே சீமெந்தில் நின்று முழுகிவிட்டு வர, பூசை முடிந்து சனம் திருநீறு வாங்கிக்கொண்டிருந்தது. பரிவட்டம் மகாதேவன் தலையில் இருந்தது. சூரன்போருக்கு அவர் இறங்கவில்லை. காருக்குள்ளேயே இருந்தார்.

அடுத்த நாள் பாறணை முடித்துவிட்டு விமலாதேவி காஸை நிறுத்தி, தாங்கி ஆறும்வரை காத்திருந்து, ஸ்பானரைப் போட்டாள். கறுப்புத் தண்ணி கொட்டியது. அதன் பின்னால் வெள்ளைக் கட்டிகள். கம்பி என்று வெளியே வந்தது தின்று துப்பிய மீன்முள் மாதிரி இருந்தது. குழாயைச் செருகித் தண்ணி தெளியும்வரை அலசினாள்.

அவர் கதிரையை மரநிழலில் போட்டுக்கொண்டு, சிட்னித் தண்ணி சரியில்லை என்று பக்கத்துக் கரவன்காரனுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

அவள் அந்த முள்ளைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு கரவன் சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரன் பார்த்துச் சிரித்துவிட்டு, புதுக்கம்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.

முப்பத்தெட்டு டொலர்.