பாதுகாப்பான தூரத்தில் உடைந்த இரண்டு கண்ணாடிகள்

போன வருடம் ஆவணி மாதம், புதுக்குடியிருப்புக்குப் பக்கத்தில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. மலசலகூடக் குழி வெட்டும்போது மண்வெட்டியில் ‘டங்’ என்று ஏதோ பட்டது. வெடிக்காமல் கிடந்த பழைய செல், போர்க்காலத்து எறிகணை. அறிவித்ததும் வெடிபொருள் அகற்றுகிறவர்கள் வந்து பார்த்து, தூக்கக் கூடாது, கிடந்த இடத்திலேயே வெடிக்க வைக்க வேண்டும் என்றார்கள். குழியிலிருந்து வீடு இருபத்தைந்து மீற்றர்.

எத்தனையோ மழையைத் தகரக் கொட்டிலில் கழித்துவிட்டுக் கட்டுகிற வீடு. யன்னலுக்குக் கண்ணாடி போட்டு ஒரு கிழமை, ஏழே நாள்தான்.

வன்னியில் என் வயதுக்காரர் எல்லோரும் வெடியில் பட்டதாரிகள். வெளிச்சம் தெரிந்து மூன்று எண்ணச் சத்தம் வந்தால் ஒரு கிலோமீற்றர். எவ்வளவு கிட்ட விழுந்தால் சுவர் பிளக்கும், எவ்வளவு தள்ளி விழுந்தால் கண்ணாடி மட்டும் கொட்டும் என்பதெல்லாம் மனப்பாடம். கூரையே மிஞ்சாது என்று உடனே தீர்ப்புச் சொன்னேன்.

அந்தக் குழுவுக்குப் பொறுப்பாக வந்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மண்மூட்டை அடுக்குவதைப் பார்த்தபடியே சொன்னார்: “அண்ணை, உங்கட கணக்கு வெட்டை வெளியில விழுற செல்லுக்கு. இது குழிக்குள்ள, மூட்டையளுக்கு நடுவில. அமுக்கம் மேலாலதான் போகும். யன்னலைத் திறந்து விட்டாலே காணும்.”

நான் கேட்டால்தானே! முன்பக்கத்து யன்னல் கதவுகள் நான்கையும் கழற்றி, சைக்கிளில் இரண்டு நடையாக, சனங்களை நிற்கச் சொன்ன கோயில் வெளிக்குக் கொண்டுபோய் மரத்தோடு சாத்தி வைத்தேன். அது நானூறு மீற்றர்.

“இஞ்சாருங்கோ, சுவரையும் கழட்டிக்கொண்டு வாங்கோவன்” என்றாள் மனைவி.

ஒலிபெருக்கியில் பத்திலிருந்து இறங்கி எண்ணினார்கள். ஒன்று வரை அந்த மரத்துக்கு முன்னால் வீரனாகத்தான் நின்றேன். ‘டும்’ என்றது. அடுத்த கணம் நான் குப்புற நிலத்தில், காதைப் பொத்தி, வாயைப் பிளந்தபடி. பழைய பழக்கம், உடம்பு என்னைக் கேட்காமலே விழுந்துவிட்டது. பின்னால் கண்ணாடி நொறுங்கும் சத்தம்.

“ஐயோ, வீடு போச்சு!”

“வீடு நிக்குது. நீங்கள் உதைஞ்ச யன்னல்தான் போச்சு” என்றாள் மனைவி.

குழியையும் வீட்டையும் சோதித்து முடித்து வந்த அந்தப் பெண் நிலத்தில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார். “இருபத்தைஞ்சு மீற்றரில ஒரு கீறலும் இல்லை. நானூறு மீற்றரில ரெண்டு கண்ணாடி! இப்பிடி ஒரு வெடியை நான் காணேல்லை, அண்ணை.” வெளி முழுக்கச் சிரித்தது. நானும்தான், வாய்க்குள் மண்ணோடு.

பிறகு கிட்ட வந்து, குரலைத் தணித்து, “வெக்கப்படாதேங்கோ. நானும் வேலைக்கு வந்த புதுசில விழுந்தனான்” என்றார். “உங்கட காணி வளவு முழுக்கப் பார்த்திட்டம். ஒண்டும் இல்லை. இனிப் பயமில்லாமல் இருங்கோ.”

அதுவரை நான் கேட்ட ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ‘ஓடுங்கோ’ என்றுதான் யாராவது கத்தியிருக்கிறார்கள். ‘இருங்கோ’ என்று சொன்ன முதல் வெடி அதுதான், அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் என் காலும் அந்தக் காணியைத் தன்னுடையது என்று நம்பத் தொடங்கியது.