மாமாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் வேலை

சென்ற வாரம் புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு நண்பர் ஃபோன் செய்தார். அவருடைய அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். இனிப் படுக்கைதான். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்திருக்கிறார். சம்பளம்தான் ஒத்து வரவில்லை.

"அநியாயமா கேக்கறான்லா! என்ன பெரிய வேல? பக்கத்துல உக்காந்திருக்கணும், கூப்பிட்டா எந்திரிக்கணும். அவ்ளோதானே?"

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்து ஃபோனை வைத்துவிட்டார்.

ஏன் சிரித்தேன்? அந்த வேலையை நானே பார்த்திருக்கிறேன். நான் பார்த்த வேலைகளின் பட்டியலை இந்தப் பத்தியில் இத்தனை வாரமாகப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம். எனக்கு இருபது வயதிருக்கும். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நிறுத்திக்கொண்டவன். ஓர் இடத்தில் சில மாதம் இருந்தால் கால் அரிக்கும். தம்பினில் மாடு மேய்த்தேன். மூவாரில் மூட்டை தூக்கினேன். நடந்தே மலாக்கா வந்து சேர்ந்தபோது என் இடுப்பில் இருந்தது கோணிச் சாக்கு. துணிக்கு அவ்வளவு பஞ்சம்.

காஜா பெராங்கில் ஒரு வீட்டில் ஆள் தேடுவதாகச் சொன்னார்கள். மலாக்கா செட்டி வீடு. பேர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பிள்ளைகள் இல்லை, மனைவி மட்டும்தான். மாமா, மாமி என்றே கூப்பிட்டேன்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மலாயில்தான் கேட்டார். தமிழில் தருகிறேன்.

"மூட்ட தூக்கியிருக்கியா?"

"தூக்கியிருக்கேன், மாமி."

"மனுஷன?"

"இல்ல..."

"மூட்ட திட்டாது. இவரு கண்ணாலயே திட்டுவாரு. பரவால்லயா?"

ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டை அப்போது யார் மதித்தார்கள்? அதனால் சம்பளத்தைப் பொருளாகப் பேசினோம். மாமாவின் பழைய சாரோங் இரண்டு, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு, வெள்ளிக்கிழமை ஒரு வேளை சோறு, மாமாவின் கட்டிலை ஒட்டிப் படுக்க இடம். சாக்குக் கட்டியவனுக்கு அது பெரிய உத்தியோகம்.

வேலை என்ன? ஊட்ட வேண்டும், கழுவ வேண்டும், துடைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் — புரட்டிப் படுக்க வைப்பது. ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகில் புண் வரும். மருந்தே இல்லாத காலத்தில் படுக்கைப் புண் வந்தால் ஆள் பிழைக்க மாட்டார். முதல் நாள் அவருடைய விழுந்த கையைப் பிடித்து இழுத்தேன். மாமி அலறினார். "அது கையா, கயிறா?"

கைப்பழக்கம் வர ஒரு மாதம் ஆனது. வந்ததும் எனக்கு வழக்கம்போலக் கால் அரிக்க ஆரம்பித்தது. அடுத்த வாரம் சொல்லாமல் நழுவிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அப்போதுதான் கிராணி வந்தார்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். போனவர்களிடமிருந்து ஒரு கடிதமும் வந்ததில்லை. ஆள் சேர்த்துக் கொடுக்கும் குமாஸ்தா வேலையில் இருந்த இந்தக் கிராணி நம்மவர்தான். வெள்ளைக் கால்சட்டை, புஜத்தில் ஜப்பான்காரன் கொடுத்த துணிப்பட்டை, அக்குளில் நோட்டுப் புத்தகம். தெருமுனையில் லாரி நின்றது. காலை நேரம்... நான் மாமாவுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, எந்த எஸ்டேட்டு?"

"எஸ்டேட் இல்லீங்கய்யா. இந்த வீட்டோட இருக்கேன். மாமாவப் பாத்துக்கறேன்."

"பாத்துக்கறியா? நல்லாருக்கே! ஒரு ஆம்பள இன்னொரு ஆம்பளயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது ஒரு வேலயா? மூனு மாசந்தான். சோறு, துணி எல்லாம் குடுக்கறான்லா. பேரச் சொல்லு."

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

சமையல்கட்டிலிருந்து மாமி வந்தார். கையெல்லாம் கிழங்கு மாவு. கிராணி மலாயில் விஷயத்தைச் சொன்னார். மாமி கெஞ்சுவார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார்!

"கூட்டிக்கிட்டுப் போங்க. ஆனா இது அவரப் பொரட்டற நேரம். என்னால முடியாது. நீங்க ஒரு தடவ பொரட்டி வச்சுட்டுப் போயிடுங்க."

"இதுல என்னா இருக்கு?" என்று கிராணி சட்டைக் கையை மடித்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தார். மாமாவின் தோளைப் பிடித்துத் தள்ளினார். அசையவில்லை. அடியில் கை கொடுத்தார். பாய்தான் நகர்ந்தது. கட்டிலில் ஒரு காலை ஊன்றி இழுத்தார். கட்டிலோரம் இருந்த மூத்திரச் சட்டி அப்படியே வெள்ளைக் கால்சட்டையில் கவிழ்ந்தது.

"ஐயோ! என்னாப்பா இது, பொணமாட்டம் கனக்கறாரு!"

"அவருக்குக் காது நல்லாவே கேக்கும்" என்றார் மாமி.

கிராணி என்னைப் பார்த்தார். "மரமாட்டம் நிக்கறியே... ஒரு கை புடி!"

மாமி குறுக்கே கையை நீட்டினார். "அவன் லாரியில ஏறிப் போயிட்டான். நீங்க பொரட்டுங்க."

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். மாமாவை நான் ஒருநாளும் தனியாகப் புரட்டியதில்லை. "சாத்து... டுவா..." என்று மலாயில் எண்ணுவேன். எண்ணி முடித்ததும் மாமா தன் இடது குதிகாலைக் கட்டிலில் ஊன்றி ஓர் உந்து உந்துவார். பாதி பாரம் அதிலேயே போய்விடும். அந்தக் கால் நன்றாகத்தான் இருந்தது.

அன்று அது அசையவே இல்லை. கிராணி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இடது கால் துணிபோலக் கிடந்தது. மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி.

கிராணி நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். என் பேரை அடித்தார். கௌரவத்துக்காக, "இவனும் ஒல்லியாத்தான் இருக்கான். சயாமுக்கு ஆக மாட்டான்" என்று சொல்லிவிட்டு, கால்சட்டையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

அன்று மதியம் அந்த லாரி நிறையத்தான் புறப்பட்டது. எங்கள் தெருவிலிருந்து ஏறிய இருவரை எனக்குத் தெரியும். ஒருவர் திரும்பி வந்தார்.

படுத்திருப்பவரும் ஒன்றும் செய்வதில்லை, பக்கத்தில் இருப்பவரும் ஒன்றும் செய்வதில்லை... வாசலில் நின்று பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். உள்ளே வந்து ஒருமுறை கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும், இரண்டு பேருக்கும் எவ்வளவு வேலை என்று.

நான் நழுவவில்லை. ஜப்பான்காரன் போகும்வரை அந்த வீட்டில்தான் இருந்தேன். அவ்வளவு நாள் நான் ஓரிடத்தில் தங்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வேலையின் அருமை எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே, சம்பளம் கூட்டிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்காமல் இருப்பேனா? இரண்டு வாரம் விட்டு, வெள்ளிக்கிழமைச் சோற்றைச் செவ்வாய்க்கிழமையும் போடச் சொன்னேன்.

மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போடலாம். ஆனா பாதி வேலய அவருதானே செய்யறாரு? அவருக்கு நான் என்ன சம்பளம் குடுக்கறது, சொல்லு."

வெந்நீர் வைக்கப் போனேன்.