பிசிறு என்று நினைத்த குருத்து

மகள் போனில் கூப்பிட்டாள். "அம்மா, கிளிக்கு றெக்கையெல்லாம் கொட்டுது. நடுவுல வெள்ளையா முள்ளு முள்ளா நிக்குது. வெட்டி உட்ரட்டா?"

"கத்தரியக் கீழ போடுடி!"

நான் போட்ட சத்தத்தில் அடுப்படியில் நின்ற அவள் அப்பா பாலைப் பொங்கவிட்டார். கத்தாமல் என்ன செய்ய? பட்டவளுக்குத்தானே தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் நான் பனியன் கம்பெனியில் செக்கிங். துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை டிரிம்மர் என்கிற குட்டிக் கத்தரியால் நறுக்க வேண்டும். பொல்லாத பழக்கம் அது. பஸ்ஸில் முன்னால் நிற்பவர் சட்டையில் நூல் தொங்கினாலே கை பரபரக்கும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் வேட்டிக் கரையிலேயே கை வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

என் அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். தாய்வீடான சேவூரிலிருந்து வந்த சீரிலேயே அவளுக்கு உயிரானது ஒரு கிளி. பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது கூண்டை என் கையில் கொடுத்தாள். "அம்முணி, எம்பட கிளிய உன்ன நம்பித்தான் உட்டுட்டுப் போறேன்."

அவள் போன பத்தாம் நாள் கிளி இறகு உதிர்க்க ஆரம்பித்தது. ஊறவைத்த பயறு, முருங்கைக்கீரை, கொய்யா, வெயில் ஏறியதும் குளிக்கத் தட்டில் தண்ணீர் என்று மாப்பிள்ளை விருந்தே நடத்தினேன். மூன்றாம் வாரம் வாலருகே வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டு நின்றது. பிசிறு! கை சும்மா இருக்குமா? நறுக்கென்று ஒன்றை வெட்டிவிட்டேன். குபுக்கென்று ரத்தம்.

"அடிப்பாவி, அது என்ன நூலா? ரத்தம் ஓடற குருத்துடி!" ஓடிவந்த அம்மா மஞ்சள்தூளை வைத்து அழுத்தினாள். ரத்தம் நின்றது, எனக்கு உயிர் வந்தது. புது இறகு உறைக்குள் ரத்தத்தோடுதான் வளருமாம். முற்றியதும் உறை தானே தவிடாக உதிருமாம். அன்றோடு கூண்டுப் பக்கம் கத்தரியே கொண்டுபோகவில்லை. கிளி பறந்துவிடாமலிருக்க நங்கை வழக்கமாக இறக்கை நுனியை அளவாகக் கத்தரிப்பாள். பயத்தில் அதையும் நான் செய்யவில்லை.

அப்புறம் பார்க்க வேண்டுமே! உடம்பெல்லாம் புதுப் பச்சை, மினுமினுவென்று. நங்கை குழந்தையோடு வந்து இறங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாருங்க நங்கை!" என்று கூண்டைத் திறந்தேன். கிளி வெளியே வந்து இறக்கையை விரித்தது. விரித்ததுதான் தெரியும். எதிரே காயப்போட்டிருந்த பனியன் துணிகளுக்கு மேலாகப் போயே போய்விட்டது.

நான் ஓவென்று அழுதேன். நங்கையோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் பூரிப்பு. "என்னமாப் பறக்குது பாரு கண்ணு! எம்பட கையில இருந்திருந்தா பறந்திருக்குமா? நல்லாத்தான் வளத்தி உட்டிருக்கற அம்முணி!"

துணி காய்ந்த அந்த வெட்டவெளியில் இப்போது மாடி வீடுகள். நங்கையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்று நான் ஒரு தப்புச் செய்தால் திருத்த வீடு நிறைய ஆளிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெச்சத்தான் யாருமில்லை.