சைக்கிளை விட்டு இறங்கியவர்கள்

நான்காம் வகுப்போடு நின்றவன் நான். இன்று என் பெயரில் லாரிகள் ஓடுகின்றன. எந்த நாவலை எடுத்தாலும் முடிக்காமல் வைக்கமாட்டேன். நேற்று, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதி வேலை வாங்கும் கிராணி ஒருவரின் மகன் எழுதிய சுயசரிதையைப் படித்தேன். தன் அப்பாவின் காரைக் கண்டால் தொழிலாளர்கள் அன்போடு சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார்களாம்.

உடனே நான் வளர்ந்த கரங்கான் தோட்டத்துச் செம்மண் சாலையும் ரப்பர் ஒட்டுப்பால் நாற்றமும் நினைவுக்கு வந்துவிட்டன. அன்று பிரசவ வலியில் இருந்த அம்மாவைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து அப்பா ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். நான் கூடவே ஓடினேன். எதிரே எங்கள் கிராணியின் கார் வந்தது. அப்பா இறங்கி, அம்மாவையும் இறக்கினார்.

"முடியலங்க, போயிருவோம்."

"கொஞ்சம் பொறு புள்ள. நாளைக்கு வேல வேணும்லா."

கிராணி காரை நிறுத்தினார். "என்னடா, குடும்பத்தோட ஜாலான் ஜாலானா? ஊர் சுத்தக் கிளம்பிட்டியா?"

அப்பா சிரித்தார்.

தம்பி அந்தச் சாலையோரத்திலேயே பிறந்தான், அழவே இல்லை. இத்தனை புத்தகம் படித்தும் அப்பாவின் அந்தச் சிரிப்புக்கு என்ன பெயரென்று எனக்குத் தெரியவில்லை.